துறையில் ரெண்டாவது கம்பு

பேய், முனி எண்டு ஆரும் கதை தொடங்கினா நான் எழும்பி அடுப்படிக்குப் போயிருவன் புள்ள. என்ர அம்மாவுக்கு எல்லாத்துக்கும் பயம், புளியமரத்துக்குப் பயம், நாய் ஊளையிட்டாப் பயம், அவவப் பாத்துப் பாத்தே எனக்குப் பயம் விட்டுப் போயிட்டு. எழுத வாசிக்கத் தெரியா, பெருவிரல்தான் எனக்குக் கையெழுத்து, ஆனா கண்ணால கண்டதத்தான் நம்புவன். அப்பிடிப்பட்டவளுக்குத்தான் இது நடந்தது. நீ நம்பு, நம்பாம விடு. முதல்ல தேத்தண்ணியக் குடி, ஆறுது.

இப்ப எனக்குப் பெரிய சந்தோசம் என்ன தெரியுமா? படம் எடுக்கிறது. சிரிக்காத! என்ர மருமகன் டவுனில கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர், அவர்ட பழைய கமரா ஒண்டு எனக்கு வந்திட்டு. சும்மா வரல்ல. என்ர மனிசனாலதான் வந்தது.

அவருக்கு ஒரு கால் இழுத்துப் போச்சு. எங்கட வீடு ஆத்தங்கரை, மாரி வந்தா தண்ணி அடுப்படிக்குள்ளயே வந்திரும். போன மாரிக்கு அவர மேசையில ஏத்தி இருத்திப்போட்டு நான் இடுப்பளவு தண்ணியில நிண்டன், என்ர கோழியெல்லாம் கூரையில. மகள் சுமதி வந்து பாத்து அழுதாள், இனி ஒரு மாரிக்கு இஞ்ச விடமாட்டன், டவுனுக்கு வாங்க ரெண்டு பேரும் எண்டு. எனக்கு விருப்பம்தான். அவர் அசையல்ல. "தம்பி இன்னும் வரல்ல, நான் எப்பிடி வாறது?"

தம்பி எண்டா சிவலிங்கம், அவருக்கு நேர் இளையவன். எங்கட வீட்டில ஒரு பழக்கம். மீனுக்குப் போய்க் கரைக்கு வந்தா, தோணி தள்ளுற கம்பத் துறையில சேத்துக்குள்ள நட்டுப்போட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவாங்க. கம்பு நிண்டா ஆள் வந்திட்டு, சோத்தப் போடலாம். கம்பக் காணாட்டி ஆள் இன்னும் தண்ணியில. சிவலிங்கம் போன அண்டைக்குப் பேக்காத்து அடிச்சது, தோணி மட்டும் கவிழ்ந்து வந்தது. ஆளும் இல்ல, கம்பும் இல்ல. எவ்வளவோ காலமாச்சு, சடங்கெல்லாம் செஞ்சு முடிச்சாச்சு. ஆனா அண்டையிலருந்து இவர் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டார். தான் வந்து நட்ட கம்பும் அப்பிடியே நிக்குது, கால் இழுத்த நாளிலருந்து தொடல்ல, வெயிலில வெளுத்துப் போய்.

அப்ப சுமதி ஒரு யோசினை சொன்னாள். துறையப் பெரிய படமா எடுத்து, டவுன் வீட்டில அப்பா படுக்கிற இடத்துக்கு நேர சுவரில மாட்டுவம், துறையப் பாத்துக்கொண்டிருக்கலாம் எண்டா வருவார்தானே. போனால எடுத்துப் பாத்தம். அந்தி வானம் வடிவா விழுந்தா, தண்ணிக்குள்ள வேர் விட்டு நிக்கிற கண்ணா மரமும் துறையும் கறுத்துப் போகுது, துறை தெரிஞ்சா வானம் வெள்ளையாப் போகுது. அவர் பாத்திட்டுத் திருப்பித் தந்தார். "இதில கம்பக் காணல்லயே. கம்பு தெரியாத படம் எனக்கு எதுக்கு?"

அதுக்குத்தான் மருமகன் கமராவக் கொண்டு வந்தார். எச்.டி.ஆர் எண்டு ஒரு விதமாம். ஒரு அமத்து அமத்தினா டிக், டிக், டிக் எண்டு மூண்டு படம். ஒண்டு இருட்டு, ஒண்டு நடுத்தரம், ஒண்டு வெளிச்சம். மறுகா மூண்டையும் போனில ஒண்டாச் சேக்கிறது, வானமும் வரும், நிழலுக்குள்ள கிடக்கிறதும் வரும். எனக்கு அத விட்டுப்போட்டுச் சமைக்கவே மனம் வரல்ல புள்ள! ஆனா தொடக்கத்தில நான் எடுத்ததெல்லாம் ஒரே கூத்து. கையில பிடிச்சு எடுத்து ஒரு தென்னை மூண்டாப் போச்சு, சேவலுக்கு மூண்டு தலை. நிறத்தக் கூட்டிக் கூட்டி வைச்சு ஆறு சிவப்பாப் போச்சு.

"மாமி, இது ஆறா, சர்பத்தா?" எண்டார் மருமகன்.

"குடிச்சுப் பாத்திட்டுச் சொல்லுங்களன்" எண்டன்.

முக்காலியில வைச்சு எடுக்கச் சொன்னார். ஒண்டு மட்டும் படிச்சுப் படிச்சுச் சொன்னார். "அசையிற ஒண்டும் இதில ஒழுங்கா வராது மாமி. மூண்டு படத்திலயும் மூண்டு இடத்தில நிக்கும், சேத்தா ஆவி மாதிரிக் கலங்கித்தான் விழும். காத்தில்லாத நேரம் எடுங்க."

நான் கேட்டனா? வானம் தேன் நிறமா இருந்த ஒரு அந்திக்கு, நல்ல காத்துக்குள்ள, முக்காலியில ஒரு கல்லுப் பையக் கட்டித் தொங்கவிட்டு நிண்டன். அவர் பின்கதவடியில கதிரையில இருந்து பகிடி பண்ணினார். "என்னகா, கமராவுக்கும் கண்ணூறு கழிச்சியா?"

அமத்தினன். டிக், டிக், டிக். அதில நிண்டே சேத்துப் பாத்தன். கண்ணா இலையெல்லாம் புகை மாதிரி, ஒரு கொக்கு மூண்டு கொக்கா, தண்ணி பால் மாதிரி. அவர்ட கம்பும் காத்தில ஆடிக் கொஞ்சம் கலங்கித்தான் விழுந்திருந்தது. அதுக்குப் பக்கத்தில இன்னொரு கம்பு. ஊசி மாதிரி, ஒரு துளி கலக்கம் இல்ல.

நிமிர்ந்து துறையப் பாத்தன். ஒரு கம்பு. இருட்டுப் படத்தத் திறந்தன், ஒரு கம்பு. நடுப்படத்தில ஒண்டு, வெளிச்சப் படத்தில ஒண்டு. திருப்பிச் சேத்தன். ரெண்டு.

ஆடினதில ஒண்டுதான் ரெண்டா விழுந்திருக்கு எண்டு நினைச்சன். ஆனா இது உசரம் கூட. இவர்ட கம்பு வெளுப்பு, இது கறுப்பு, கைபிடிக்கிற இடம் வரைக்கும் ஈரம், இப்பதான் தண்ணிக்குள்ளயிருந்து இழுத்து நட்ட மாதிரி. பெருப்பிச்சுப் பாத்தன். நடுவில ஒரு நீலச் சுத்து. அந்தச் சுத்து எனக்குத் தெரியும் புள்ள. சிவலிங்கத்திட கம்பு வெடிச்சிருந்தது, என்ர நீலச் சீலைக் கரையக் கிழிச்சு நான்தான் சுத்திக் குடுத்தன்.

கதிரையடிக்குப் போய் அவரிட்டப் போனக் குடுத்தன். கனநேரம் பாத்தார். மறுகா மெதுவாச் சொன்னார், "சோத்தப் போடு. ரெண்டு கோப்பையில போடு."

போட்டன். ஒரு கோப்பைய மூடி வைச்சம். அதுக்குப் பிறகு அவர் சுவரப் பிடிச்சுக் கால இழுத்து இழுத்துப் போய்ப் பின்கதவச் சாத்தினார். தாழ்ப்பாள் துரு ஏறிக் கிடந்தது, அடிச்சு அடிச்சுப் போட்டார். "மகளுக்குச் சொல்லு, வாறம் எண்டு."

மருமகன் அதக் காத்தில அசைஞ்சு ஆவி மாதிரி விழுந்ததுதான் எண்டார். "அசையிறதுதானே கலங்கி விழும் எண்டு நீங்க சொன்னீங்க, இது கலங்கல்லயே" எண்டன். தன்ர கொம்பியூட்டரில சேத்துப் பாத்தார். ரெண்டு. அதுக்குப் பிறகு அவர் அந்தக் கதையே எடுக்கிறதில்ல.

மாரிக்கு முதலே டவுனுக்கு வந்திட்டம். அந்தா, அவர்ட கட்டிலுக்கு நேர தொங்குது பார், அதுதான் படம். கிட்டப் போய்ப் பார், நான் சொன்ன நீலச் சுத்து தெரியுதா? மாட்டின அண்டைக்கு ஈரம் அந்தச் சுத்துக்கும் மேல நிண்டது. கொஞ்ச நாளா எனக்குச் சுத்துக்குக் கீழ நிக்கிற மாதிரித் தெரியுது. வயசு போன கண், கண்ணாடி மாத்தவேணும் எண்டு நினைச்சுக்கொண்டு ஆரிட்டயும் நான் வாய் திறக்கல்ல, அவரிட்டயும் சொல்லல்ல.

நேத்துப் பின்னேரம் நான் அவருக்குக் கால் பிடிச்சுவிட்டுக்கொண்டிருக்கக்குள்ள, அவராத்தான் சுவரப் பாத்துச் சொன்னார்.

"அரைவாசி காய்ஞ்சிட்டு, கண்டியா?"