டீமேக்கர் வீட்டு டேலியா

மச்சான் இன்று இந்தக் குழுவில் ஒரு பழைய படத்தைப் போட்டிருக்கிறான். எழுபதுகளில், நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தபோது எடுத்தது.

ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்த மச்சான் குடும்பம் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, படமெடுக்க மட்டும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அங்கே, பெக்டரியில் தேயிலைத் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் வளர்த்த டேலியாப் பூ ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அளவு.

அவரை முந்த வேண்டுமென்று நானும் டேலியா வைத்து, தேயிலைக்குப் போடும் உரத்தை அள்ளிப் போட்டிருந்தேன். செடி ஆள் உயரம் வளர்ந்தது. அத்தனையும் இலை. ஒரு மொட்டுகூட இல்லை.

டீமேக்கர் வேலியோரம் வந்து நிதானமாகப் பார்த்தார்.

"கொழுந்து நல்லா வந்திருக்குங்க. எப்ப பெக்டரிக்கு அனுப்பப் போறீங்க?"

படத்துக்குக் கீழே, "இது உங்க பூந்தோட்டமா?" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

"ஆமாம்" என்று போட்டுவிட்டேன். டீமேக்கர் வீட்டு ஆட்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?