நான்காவது வாரமே முடிந்த வேலை

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நான்கே வாரத்தில் எழுதி முடித்த ஒரு மென்பொருளை, முடியாதது போல இன்னும் ஏழு வாரம் இழுத்தடித்தேன். அதுவும் ஐம்பத்திரண்டு வயதில்.

வாடிக்கையாளர், முடிச்சூரில் தம் பழைய நெல்வயலில் கல்யாண மண்டபம் கட்டியவர். வெள்ளத்தில் பதிவு நோட்டு ஊறிப்போனதிலிருந்து அவருக்குக் கணினி மேல் ஆசை. வேலையை ஒரே மூட்டையாகக் கொண்டுபோய் இறக்காமல், வாராவாரம் கொஞ்சம் காட்டி, கேட்டு, திருத்துவது எங்கள் தொழில் வழக்கம். வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பு எல்லை மீறாமலிருக்க அதுதான் மருந்து என்று தடித்தடிப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். எழுதுகிறவனின் எதிர்பார்ப்புக்கு மருந்து எதிலும் இல்லை.

முதல் வெள்ளிக்கிழமை, ஒரு தேதி காலியா, பதிவானதா என்று திரையில் காட்டினேன்.

“இன்னா சார், பென்சில் எங்க?” என்றார்.

வாய்வார்த்தையாகச் சொல்லிவைத்த நாள் பென்சிலில், உறுதியான நாள் பேனாவில். அது அவர் நோட்டின் சட்டம். மறுவாரம் பென்சிலுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தேன். நான்காவது வாரம் அவர் கேட்டதெல்லாம் உள்ளே வந்துவிட்டது.

மகளின் பேறுகாலத்துக்கு ஆறு மாதம் என்று வெளிநாடு போன என் மனைவி திரும்பும் தேதியோ தள்ளிக்கொண்டே போனது. தாம்பரம் ஃபிளாட்டில் வாரத்தில் ஆறு நாள் என்னோடு பேசியது லிஃப்ட் மட்டும்தான். கதவை மூடச் சொல்லும். வெள்ளிக்கிழமை முடிச்சூர் போனால் காபி, வடை, அவர் பார்த்த சம்பந்திச் சண்டைகள். ஆகவே மஞ்சளை வெளிர்மஞ்சளாக்கினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன், அடுத்த வாரம் சிறிதாக்கினேன்.

பதினோராவது வெள்ளிக்கிழமை அவர் பொறுமை தீர்ந்தது.

“ஆவணி முகூர்த்தத்துக்கு ஆளுங்க வந்துகினு கீறாங்க சார். இன்னிக்கே குடுத்துடுங்க.”

“ஒரு சின்ன வேலை பாக்கி...”

“இன்னா பாக்கி?”

கொடுத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளியும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் நின்றேன். யாருக்கோ திரையில் தேதி பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“ஏன் சார், ரிப்பேரா? நல்லாத்தானே ஓடிகினு கீது?”

“இல்ல, சும்மாதான்...”

என்னையும் மடிக்கணினிப் பையையும் மாறி மாறிப் பார்த்தார். காபிக்குச் சொன்னார். வந்தவர்கள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பேச்சுத் தொணைக்குன்னா சும்மாவே வந்திருக்கலாமே சார். வாராவாரம் படம் காட்டி எங்கள ஏன் பேஜார் பண்ணீங்க?”