ரேடியோ டாக்டரின் விசாரணை

"நான் கேட்ட கேள்விக்கு இதுவரைக்கும் யாரோட பதிலும் எனக்குத் தேவைப்பட்டதில்ல!" என்று சங்கக் கூட்டத்தில் முழங்கினார் பல் மருத்துவர். மைக் அப்போதும் அவர் கையில்தான் இருந்தது.

பொய்யில்லை. நோயாளியின் வாய்க்குள் கண்ணாடி, பஞ்சு, உறிஞ்சு குழாய் எல்லாவற்றையும் குடிவைத்த பிறகுதான் அவர் குசலம் விசாரிப்பார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" படுத்திருப்பவர் "ஆ..." என்பார். "சௌக்கியம்தான், சந்தோஷம். ராத்திரி பல் தேய்க்கிறதில்ல, இல்லையா? தேய்க்கிறதில்லதான்." ஊர் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது.

"பதிலையும் நீங்களே சொல்லிட்டா, நடுவுல நான் எதுக்குங்க?" என்பார் மனைவி. அதற்கும் இவரே பதில் சொல்லிவிடுவார்.

இப்பேர்ப்பட்ட மகானைத்தான் பல் மருத்துவர் மன்றம் ஒழுங்குக் குழுவுக்குத் தலைவராக்கியது. ஒரு லாரி ஓட்டுநர் புகார் கொடுத்தார்: மேல் பல் வலி என்று ஒரு டாக்டரம்மாவிடம் போனாராம், அவர் கீழ்ப் பல்லைப் பிடுங்கிவிட்டாராம்.

"அந்தப் பொண்ண எதுக்குக் கூப்பிடணும்? என்ன சொல்லிடப் போகுது? ஒண்ணும் சொல்லாது" என்றார் ரேடியோ. உரிமம் ஆறு மாதம் நிறுத்தம். போன வருடம்தான் சொந்தமாக மருத்துவமனை திறந்த அந்த இளம் டாக்டர், புது நாற்காலிக்குப் போர்வை போர்த்திவிட்டு மேல்முறையீட்டுக்கு ஓடினார். அங்கே ஒரே வரியில் சொன்னார்கள்: டாக்டரம்மாவின் தரப்பைக் கேட்காமல் உரிமத்தில் கை வைத்தது செல்லாது, கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வேண்டாவெறுப்பாக விசாரணை கூடியது.

"மேல வலிச்சா கீழ ஏம்மா கை வச்சே? அவசரம். அவசரம்தான்."

குழுவின் எழுத்தர் மெல்ல இருமினார். "ஐயா, அவங்க வாயில ஒண்ணும் இல்லீங்க."

அந்த இடைவெளியில் டாக்டரம்மா புகுந்துவிட்டார். "சொத்தை கீழ்ப் பல்லுல சார். வலிதான் மேல தெரிஞ்சுது."

அப்படி வலி இடம் மாறித் தெரியும் என்பது ரேடியோவுக்குத் தெரியாததா? ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "இப்ப வலி இருக்கா? இருக்..." எழுத்தர் மறுபடி இருமினார்.

"அது அன்னிக்கே போயிடுச்சுங்க."

"அப்புறம் எதுக்குய்யா புகார்?"

"என் பல்லுங்க! பிடுங்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்க வேணாமா?"

"கேட்டேனே!" என்று பதறினார் டாக்டரம்மா. "நீங்கதானே தலையாட்டினீங்க?"

"வாய்க்குள்ள கண்ணாடிய வச்சுக்கிட்டுக் கேட்டா, வேற எதைம்மா ஆட்டுறது?"

குழுவே சிரித்தது. தலைவர் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே உரிமம் திரும்பியது, ஓர் எச்சரிக்கையோடு: கருவியை வெளியே எடுத்த பிறகே நோயாளியின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். அந்த வரியைத் தம் கையாலேயே எழுதியபோது ரேடியோவின் காது சிவந்திருந்தது.

மறுநாள் காலை அவருடைய மருத்துவமனைக்கு முதலில் வந்தவர் பழைய நோயாளியான தையற்கார அம்மா. ரேடியோ அவர் வாயிலிருந்து கண்ணாடியை எடுத்தார், குழாயை எடுத்தார், பஞ்சையும் எடுத்தார். "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

வைத்தியம் முடிந்தது என்று நினைத்த அந்த அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினார்.

"இன்னும் முடியலம்மா. உட்காருங்க, சொல்லுங்க."

"நானா டாக்டர்?"

அவர் மாஸ்க்கை இறக்கிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.