என் அண்டாக்களுக்கு நைனா கட்டிய வரி

நைனா இல்லாத முதல் ஆடிக் கிருத்திகையும் கடந்து, அவரது ஆண்டு நினைவு நாளில் நிற்கிறோம். இம்மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். இக்கட்டுரையை என் தம்பி எழுதுவதாகத்தான் ஏற்பாடு. நான் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருந்ததால் அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன்.

நைனா பிறந்தது திருவாலங்காட்டில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்து வளர்ந்தவர். பிழைப்புக்குத் திருத்தணி வந்தபோது, காவடியோடு வருகிறவர்கள் அடிவாரத்தில் பொங்கிச் சாப்பிடப் பாத்திரமின்றித் திண்டாடுவதைப் பார்த்தார். ஒரே ஒரு பித்தளை அண்டாவை வாங்கி வாடகைக்கு விட்டார். பாத்திரக் கடை அப்படித் தொடங்கியதுதான். அடிப்பிடித்துத் திரும்பும் அண்டாவைப் புளியும் மண்ணும் போட்டுத் தாமே தேய்ப்பார். தேய்த்து முடிக்கும்வரை எடுத்துப் போனவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார். அதே ஆள் மறுவருடம் வந்தால் முதல் அண்டா அவருக்குத்தான்.

யுத்த காலத்தில் நூல் கிடைக்காமல் பள்ளிப்பட்டில் என் புகுந்த வீட்டுத் தறிகள் நின்றுபோயின. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். நைனா சீராகக் கொடுத்த ஏழு அண்டாக்களையும் ஈயம் பூசக் கொடுப்பதாக மாமியாரிடம் சொல்லி, வண்டியேற்றித் திருத்தணிக்குக் கொண்டுவந்தேன். கிருத்திகைக்கு வாடகைக்கு விட்டுத் தரும்படி நைனாவை நச்சரித்தேன். சீர்ப் பாத்திரத்தில் யார் யாரோ பொங்கினார்கள் என்று தெரிந்தால் அந்த வீட்டில் என்னை வைத்திருக்க மாட்டார்கள். அது நைனாவுக்கும் தெரியும். வேண்டாம் என்றவர், நான் அழுததும் ஒப்புக்கொண்டார்.

கிருத்திகைக்கு முதல் நாள் வரி அதிகாரி கடைக்கு வந்தார். கடைச் சாமான்களின் மதிப்பைப் பார்த்துத்தான் வரி போடுவார்கள்.

"இன்னாய்யா, இத்தினியும் உன்னுதா?"

பள்ளிப்பட்டு ஆட்கள் இருவர் பாத்திரம் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்கள். நைனா அவர்களைப் பார்த்தார்.

"ஆங், நம்மளுதுதாங்க" என்றார்.

அதிகாரி அத்தனையையும் எழுதிக்கொண்டார். நெளிந்துபோன பழைய அண்டாவுக்கும் யுத்த காலத்துப் புதுப் பித்தளை விலையைப் போட்டார். கட்ட முடியாத வரி வந்தது. கட்டத் தவறினால் சாமான்கள் ஜப்தி என்று நோட்டீசும் வந்தது. ஜப்தி என்றால் என் அண்டாக்களும் சேர்ந்துதான் போகும்.

நைனா அப்பீல் மனு போட்டார். விசாரணைக்கு நானும் போனேன். மேலதிகாரி பொறுமையானவர்.

"பெரியவரே, விலைய அப்புறம் பாக்கலாம். ஏழு அண்டாவுல உங்க பொண்ணு பேரு வெட்டியிருக்குது. அது சீர்ப் பாத்திரம்னா பொண்ணோட மாமனார்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிக்கினு வாங்க. கழிச்சிடறேன்."

நைனா குனிந்து மேல்துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி என்னிடம் திரும்பினார்.

"நீயாவது சொல்லும்மா. இது யாருது?"

"எனக்கு ஒன்னும் தெரியாதுங்க" என்றேன்.

"அதுக்கு இன்னாங்க தெரியும், சின்னப் பொண்ணு. எல்லாம் என்னுதுதாங்க" என்றார் நைனா. மனு தள்ளுபடியானது. திரும்பும் வழியில், "வெயிலா கீது, முந்தானைய தலையில போட்டுக்கோ" என்றார்.

உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கை போகும். சொல்லாவிட்டால் அவர் கடை போகும். நைனா தம் சொந்த அண்டாக்களைப் பழைய பித்தளைக்குப் போட்டார். மதிப்பீட்டில் எழுதிய விலையில் பாதிகூடத் தேறவில்லை. இருந்ததையெல்லாம் போட்டு வரியைக் கட்டினார். பிறகு என் ஏழு அண்டாக்களுக்கும் ஈயம் பூசி, தாமே வண்டியில் பள்ளிப்பட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். மாமியார் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

"நல்லா பூசிக்கினு வந்துகீறீங்கண்ணா. நம்ம ஊர்ல எவன் இப்பிடி பூசறான்?"

நைனா சிரித்துக்கொண்டே மோர் வாங்கிக் குடித்தார். என்னால் அடுப்படியை விட்டு வெளியே வர முடியவில்லை.

அதன் பிறகு அவர் அடுத்தவர் கடையில் பாத்திரம் தேய்த்தார். நெஞ்சுச் சளி வந்து படுக்கையில் விழும்வரை தேய்த்தார். விவரம் தெரியாமல் கடையைத் தொலைத்தவர் என்று என் தம்பியே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறான். அவர் மறுக்கவில்லை. தம்பி, நைனாவுக்கு எல்லா விவரமும் தெரியும். நான்தான் கோழை.

அப்பீல் மனுவைக் காசு வாங்காமல் எழுதித் தந்த பெரியவருக்கும், கடைசி நாள்வரை மருந்து கொடுத்த வைத்தியருக்கும், காரியங்களில் கூட நின்ற பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. இம்மலர் அச்சாகி வந்ததும் பள்ளிப்பட்டுக்கு எடுத்துப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கட்டுரையை நானே வாசித்துக் காட்டப் போகிறேன்.