விளக்கெண்ணெயில் ஊற வேண்டிய தோல்

பள்ளிக்கூடத்து அடிபம்பைப் பிரித்த ஆள், உள்ளே போடும் தோல் வாஷரை விளக்கெண்ணெயில் ஊறவைத்து மாட்டியபோதுதான் எனக்கு அந்த யோசனை பளிச்சென்று வந்தது. தண்ணீரைத் தடுக்கும் தோல் எஞ்சின் எண்ணெயைத் தடுக்காதா?

அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றின் முதலாளிக்குக் கார் ஓட்டினார். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டியைச் சுற்றியிருந்த தக்கைப் பட்டை நைந்து, வண்டி நின்ற இடமெல்லாம் கறுப்பாகச் சொட்டியது. புதுப் பட்டை மதராஸிலிருந்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடியில் கல்யாணம். அதற்குள் ஒழுக்கு நிற்காவிட்டால் வேறு டிரைவர் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

என் யோசனைக்கு அப்பா உடனே தலையாட்டினார். தோல் கொண்டுவந்தவர் மாமா, ஷாப்பில் மேஸ்திரி. அப்பாவுக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவரே. அதை யாரையும் மறக்கவிட மாட்டார். வந்ததும் வராததுமாகத் தோலைத் தண்ணீரில் போட்டார்.

“மாமா, தண்ணி வேணாம்! வெளக்கெண்ணெயில ஊறணும். எங்க இஸ்கூல்ல பார்த்தேன்.”

“இன்னாடி, எனக்கே தோல் பாடம் எடுக்கறியா? ஈரமா இருந்தாத்தான் வளையும். போய் சிலேட்ட எடு.”

ஷாப்பில் எந்தத் தோலும் தண்ணீரில் ஊறாமல் கத்திக்கு வராது. மாமாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஈரத் தோல் அழகாகத்தான் உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் சூடு ஏறியதும் சுருங்கி, அப்பளமாய் வெடித்தது. பாதி வழியில் எண்ணெய் வடிந்துபோக, எஞ்சின் கெடுவதற்குள் அப்பா வண்டியை நிறுத்தினார். முதலாளி ஷெர்வானியோடு ஜட்காவில் போய்க் கல்யாணத்தில் இறங்கினார்.

மறுநாள், முதலாளி கொடுத்த டிரைவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய அப்பாவோடு நானும் ஷாப்புக்குப் போனேன். எல்லோர் முன்னும் மாமா முதலாளியிடம் சொன்னார்: “படிச்ச பொண்ணாச்சேன்னு அது பேச்சைக் கேட்டோம் சாப். பேஜாராப் போச்சு.”

“பொய்! தண்ணில போட்டது நீங்கதானே!” என்று கத்தினேன்.

அப்பா என் வாயைப் பொத்தி வெளியே அனுப்பினார். பிறகு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மாமாவைவிட அவர்மேல்தான் எனக்கு ஆத்திரம் ஜாஸ்தி. வாய் இல்லையா இந்த மனுஷருக்கு?

வீட்டுக்கு வந்ததும் மிச்சத் தோலை எடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, போல்ட்டுக்கான ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திக் கொடுத்தார். அவசரமே இல்லாமல் குத்தினார். அவர் டிரைவர் கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு திரும்பியிருந்தது எனக்கு உறைக்கவே இல்லை.

அம்மா கத்தக் கத்த, தோலை விளக்கெண்ணெய்ச் சட்டியில் அமுக்கினேன்.

“நாளைக்கு மாமா வர்றதுக்குள்ள நாமளே மாட்டிடலாம்ப்பா. நான் வண்டிக்கு அடியில படுத்துக்கறேன்.”

“நல்லா ஊறட்டும்மா” என்றார்.