சித்தி அனுப்பிய வேவுகாரி

சித்தியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி எங்கள் ஊர் மஹய்யாவ முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். பல்லி விழுந்தால் போதும், தெருவே கூடிவிடும். அப்படிப்பட்டவள்தான் ஞாயிறு பாடசாலையில் எங்களுக்குக் காலேபின் தைரியத்தைப் பற்றிப் பாடம் எடுத்தாள். மோசே பன்னிரண்டு பேரைக் கானான் தேசத்தை வேவு பார்க்க அனுப்பினார். பத்துப் பேர், அங்கே இராட்சதர்கள் இருக்கிறார்கள் என்று நடுங்கிக்கொண்டு திரும்பினார்கள். காலேபும் யோசுவாவும் மட்டும், நல்ல தேசம், போகலாம் என்றார்கள்.

அந்த வாரமே அவளுக்குப் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அம்மாவின் போனுக்குப் படம் அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அவருடைய அம்மா சிரிக்கவில்லை. அவ்வளவுதான், சித்திக்குச் சோறு இறங்கவில்லை. சரி என்று சொல்லவும் பயம், வேண்டாம் என்று சொல்லவும் பயம். பெண் போய் மாப்பிள்ளை வீட்டை எட்டிப் பார்க்கிற வழக்கமோ எங்களில் கிடையாது.

"காலேப் மாதிரி நாம போய்ப் பாத்துட்டு வருவமா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எட்டு வயது. கேட்கவா வேண்டும்!

ரிப்பன் வாங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் சித்தி கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினாள். ஒரு பஸ் போயே போய்விட்டது. அடுத்ததும் உறுமியது.

"ஜெபம் முடிஞ்சா ஏறுங்க தங்கச்சி. டிரைவருக்கும் சேத்துப் பண்ணிட்டீங்கதானே?" என்றார் கொண்டக்டர்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கீழேயுள்ள திருப்பம் வரை வந்தவளுக்கு அதற்குமேல் கால் எழவில்லை. "நீ போய்த் தண்ணி கேளு. அந்தம்மா மூஞ்சிய நல்லாப் பாத்துட்டு வா" என்று என்னை மேலே அனுப்பிவிட்டுத் தேயிலைச் செடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். மஞ்சள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒளிந்த ஆள் உலகத்திலேயே என் சித்திதான்.

அந்தம்மா தண்ணீர் தந்தார். என்னைப் பார்த்தார், கீழே குடையையும் பார்த்தார். பிறகு மரத்திலிருந்து ஜம்புப் பழங்களைப் பறித்து என் கவுன் மடியில் கொட்டினார்.

"கீழ ஒக்காந்திருக்கிற பொண்ணுக்கும் குடு. நானும் இந்த வீட்டுக்குப் பயந்துகிட்டுத்தான் வந்தேன்னு சொல்லு."

ஓடிப்போய் அப்படியே ஒப்பித்தேன். "ராட்சசி இல்ல சித்தி! பழமும் நல்லா இனிக்குது. போகலாம்!"

சித்தி சிரித்தாள், அழுதாள், மூக்கைத் துடைத்தாள். பிறகு எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, குடையை மடக்கி என் கையில் தந்துவிட்டுத் தானே மேலே நடந்தாள். எனக்கு அவள்மேல் அப்படியொரு பெருமை.

விஷயம் தெரிந்து அம்மா எங்கள் இருவரையும் நன்றாக ஏசினாள். ஆனாலும் கல்யாணம் நிச்சயமாயிற்று. எல்லாம் என்னால்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சித்தி பெட்டி அடுக்கினாள். நானும் என் கவுன்களைக் கொண்டுவந்து அவளுடைய சேலைகளுக்கு மேலே வைத்தேன். கானானுக்கு எல்லாரும் சேர்ந்துதானே போனார்கள்? அவள் பக்கத்தில் படுக்காமல் எனக்குத் தூக்கமே வராதே. சித்தி என் கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள்.

"எடம் பத்தலையா சித்தி? பரவாயில்ல, நான் கையில எடுத்துட்டு வாறேன்" என்றேன்.