சுளுக்கு என்று சொன்னேன்

சனிக்கிழமை காலை பத்து நாற்பது. தாஹோ ஏரிக்கு மேலே, பனியில் பாதிக் குழாய் போல வெட்டியிருந்த பள்ளத்தின் விளிம்பிலிருந்து எழும்பிய பெண், கைமேல் விழுந்தாள்.

என் மகள் அல்ல. குபெர்டினோவில் எங்கள் அடுத்த வீட்டு ஜப்பானியப் பெண். வயது பதினைந்து; என் மகளின் வகுப்பு. நான்கு குளிர்காலமாக அவளுக்கு ஸ்னோபோர்டு என்ற பனிச்சறுக்குப் பலகை ஒன்றுதான் உலகம். மார்ச்சில் ஜப்பானின் இளையோர் அணிக்குத் தேர்வு இருந்தது. அவள் அப்பா வேலையாக டோக்கியோ போயிருந்ததால் அன்று நான் அழைத்துப் போயிருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். கெட்ட செய்தியைப் பாதியாக்கிச் சொல்வது எங்கள் பழக்கம். என் அப்பா இறந்த அன்று எனக்கு வந்த போனில்கூட, கொஞ்சம் உடம்பு சரியில்லை என்றுதான் சொன்னார்கள். அதே குரலில் நானும், லேசான சுளுக்கு, அவசரமில்லை என்றேன். பிற்பகலில் ஜப்பானியப் பள்ளியில் இரண்டு வகுப்பு எடுக்க வேண்டும், முடித்துவிட்டு வரலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். அந்தத் ‘தாராளமாக’ இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

பக்கத்தில் நின்ற மகள், “அம்மா, யூ லைடு டு ஹெர்,” என்றாள்.

“பொய் இல்லடி. நாலு மணி நேரம் தனியா டிரைவ் பண்ணணும். பதறினா என்ன ஆகும்?”

“ஷீ இஸ் நாட் யூ.”

எக்ஸ்ரே வந்தது. முழங்கை எலும்பு உடைந்து நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை. தாமதமானால் கை பழையபடி ஆகுமா என்பது நிச்சயமில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாததால், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஆபரேஷன் செய்ய மாட்டார்கள். செல்போன் பரவாத காலம். அவர்கள் வீட்டுக்குப் போன் அடித்தேன், பதிவு மெஷின்தான் பேசியது. வகுப்பு நடக்கும் இடத்தின் எண் என்னிடம் இல்லை. அப்பா தங்கியிருந்த ஹோட்டலின் பெயர் அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

அவள் அழவில்லை. மார்ச்சுக்குள் சரியாகிவிடுமா ஆன்ட்டி என்று மட்டும் கேட்டாள். ஆகிவிடும் என்று சொல்ல வாயெடுத்து, மகளைப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றேன்.

ஆறே முக்காலுக்கு அவள் அம்மா வந்தார். கையில் எங்களுக்கும் சேர்த்துக் கட்டிய சாப்பாடு. டாக்டர் சொன்னதைக் கேட்டு, கையெழுத்துப் போட்டு, மகளின் நெற்றியைத் தொட்டு உள்ளே அனுப்பினார். விரல்கள் மெல்ல மெல்ல மீண்டதும், அந்த மார்ச் கைவிட்டுப் போய் மறு குளிர்காலத்தில் அவள் மறுபடி பனியில் ஏறியதும் பிறகு நடந்தவை. அன்று எங்களுக்கு முன்னால் சாத்திய கதவு மட்டும் இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமான ஆங்கிலத்தில் சொன்னார்:

“இனிமேல் உள்ளதைச் சொல்லுங்கள். பயந்துகொண்டும் எனக்குக் கார் ஓட்டத் தெரியும்.”